கீகெப்பைக் கழுவலாம், கீபோர்ட்டைக் கழுவாதேங்கோ: வாசகர் கேள்வி பதில்

போன இதழில கொம்பியூட்டர் துப்புரவைப் பற்றி நாலு வரிதான் எழுதினது, அதுக்கு வந்த கேள்வியில முக்கால்வாசி கீபோர்ட்டைப் பற்றித்தான் இருந்துது, அதால இந்த முறை பக்கம் முழுக்க அதுக்கே விட்டாச்சு. கேள்விகளுக்குப் போக முதல் ஒண்டு சொல்லிப்போடுறன், கீழ இருக்கிற எல்லாப் பதிலும் அதிலதான் நிக்குது. கீகெப் எண்டது விரல் படுற, எழுத்து இருக்கிற மேல் மூடி, கழட்டி எடுத்தா அது வெறும் பிளாஸ்டிக், அதைப் பேசினில போட்டு எவ்வளவும் தேய்க்கலாம். அதுக்குக் கீழ இருக்கிற கீபோர்ட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணியும் போகக்கூடாது. இந்த ரெண்டையும் ஒண்டா நினைச்சுத்தான் ஆக்கள் ஒண்டில் கழுவவே பயப்பிடினம், இல்லாட்டி முழுசாக் கழுவிக் கெடுத்துப் போடினம்.

கேள்வி: மரைன் டிரைவ் பக்கத்து பிளட்டில இருக்கிறம். மெக்கானிக்கல் கீபோர்ட், வாங்கினதில இருந்து ஒருக்காலும் கழட்டேல்ல. கீக்கு இடையில தூசி, தலைமுடி, சின்ன எறும்பும் ஓடுது. கழட்டிக் கழுவலாமோ? வீட்டில சேர்ஜிக்கல் ஸ்பிரிட் இருக்கு, அது போட்டாக் காணுமோ?
– வாசகி, வெள்ளவத்தை

கழுவலாம், வடிவாக் கழுவலாம். மெக்கானிக்கல் எண்டா ஒவ்வொரு கீகெப்புக்குக் கீழயும் தனித்தனி ஸ்விட்ச் இருக்கிற கீபோர்ட். முதல்ல வயரைக் கழட்டுங்கோ, அடுத்தது போன்ல ஒரு படம் எடுத்து வையுங்கோ. எழுத்துக் கீ எங்க இருக்கு எண்டு விரலுக்குத் தெரியும், ஆனா ஸ்க்ரோல் லொக், போஸ் அந்தப் பக்கம் வரேக்க எல்லாரும் யோசிப்பினம். இன்னொரு காரணமும் இருக்கு, கனக்கக் கீபோர்ட்டில ஒவ்வொரு வரிசைக் கெப்பும் வேற வேற உயரம், வேற வேற சரிவு, வரிசை மாறிக் கொழுவினா ஒண்டு தூக்கிக்கொண்டு நிக்கும்.

கழட்டுறதுக்கு கம்பி புல்லர் வாங்குங்கோ, யுனிட்டி பிளாசாவில கேட்டுப் பாக்கலாம். பிளாஸ்டிக் வளையப் புல்லர் கெப்பின்ர பக்கத்தைக் கீறிப்போடும். கம்பி ரெண்டையும் எதிரெதிர் மூலைக்குக் கீழ கொழுவி நேர மேல இழுக்கோணும், சரிச்சு நெம்பினா ஸ்விட்ச்சில இருக்கிற சிலுவைத் தண்டு முறியப் பாக்கும். ஸ்பேஸ் பார், என்டர், பேக்ஸ்பேஸ், ரெண்டு ஷிப்ட், இந்த நீளமானவைக்குக் கீழ ஸ்டெபிலைசர் எண்டு ஒரு கம்பி ஓடும், கீயின்ர எந்த நுனியில அமத்தினாலும் சமமா இறங்கிறதுக்கு. அதுகளை ஒரு நுனியில மட்டும் பிடிச்சு இழுக்காதேங்கோ, ரெண்டு நுனியையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்குங்கோ. சில கீபோர்ட்டில அந்தக் கம்பி கெப்பிலயே கொழுவியிருக்கும், பாதி தூக்கினதும் குனிஞ்சு பாத்து, கம்பியைக் கொக்கியில இருந்து விடுவிச்சுப்போட்டுத்தான் மிச்சம் தூக்கோணும். கை நடுங்குது எண்டா ஸ்பேஸ் பாரை அப்பிடியே விட்டிட்டு மற்றதைக் கழட்டுங்கோ, ஒரு குறையும் இல்ல.

கழுவுறது லேசு. கை தாங்கிற இளஞ்சூட்டுத் தண்ணி, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, அரை மணித்தியாலம் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால உரஞ்சி, அரிதட்டில போட்டு அலசுங்கோ, பேசின் ஓட்டையால ஒண்டும் போகாமல். கேத்தில்ல கொதிச்ச தண்ணியை ஊத்தாதேங்கோ. கனக்கக் கெப் ஏபிஎஸ் எண்ட பிளாஸ்டிக், அது 100 டிகிரிக்குக் கிட்ட இளகத் தொடங்கும், ஒருக்கா நெளிஞ்சா பிறகு தண்டில இறுக்கமா இருக்காது.

இனித்தான் முக்கியமான இடம். ஒரு கெப்பைத் திருப்பிப் பாருங்கோ, நடுவில சிலுவை வடிவத்தில ஒரு ஓட்டை இருக்கும். கெப்பின்ர மேல்பக்கம், உள்பக்கம் எல்லாம் காய்ஞ்சிருக்கேக்கயும் அந்தச் சிலுவைக்குள்ள ஒரு துளி தண்ணி பிடிச்சுக்கொண்டு நிக்கும், தானா விழாது, வெளிச்சத்துக்குச் சரிச்சுப் பிடிச்சாத்தான் தெரியும். கெப்பைக் கொழுவினதும் அந்தத் துளி நேர ஸ்விட்ச்சுக்குள்ள இறங்குது. அதால ஒவ்வொண்டாத் தட்டி உதறி, ஓட்டைப் பக்கம் கீழ பாக்க இடியப்பத் தட்டில அடுக்கி வையுங்கோ, தட்டு ஓட்டையால கீழயும் காத்துப் போகும், இரவு முழுக்க பேன் காத்தில விடுங்கோ. கொழும்புக் காத்தில எப்பவும் ஈரம், மழை நாளெண்டா இன்னும் அரை நாள் கூட விடோணும். வெயிலில காயப்போட வேண்டாம், ஹெயார் டிரையரும் வேண்டாம்.

கெப் இல்லாத கீபோர்ட்டைக் கவிழ்த்து மெல்லத் தட்டி, மெல்லிசான பெயின்ட் பிரஷ்ஷால கூட்டுங்கோ. ஒட்டிக்கொண்டிருக்கிற ஊத்தைக்கு கொட்டன் பட்ல ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைக்கலாம், பட் நனைஞ்சிருந்தாக் காணும், சொட்டக்கூடாது. சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம் எண்டு நான் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. பிரிட்டிஷ் முறைப்படி செய்யிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில ஆமணக்கெண்ணெய் சேர்க்கிறவை, தோலுக்கு நல்லம் எண்டு. ஸ்பிரிட் பறந்து போகும், எண்ணெய் அங்கயே படிஞ்சு நிக்கும், அடுத்த கிழமையே தூசி அதில ஒட்டும். கைக்குப் பூசுற சனிட்டைசர் ஜெல்லும் இதே கதைதான். பாமசியில ஐசோபுரோப்பைல் 70 வீதம் எண்டு கேட்டு வாங்குங்கோ. நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோன் மட்டும் கிட்டவும் வரக்கூடாது, ஏபிஎஸ்ஸைக் கரைச்சுப்போடும்.

எறும்பு வாறது பிஸ்கட் துணிக்கைக்கும் சீனிக்கும்தான், துப்புரவாக்கினா அதுவாப் போகும், கீபோர்ட்டுக்கு மேல மருந்து அடிக்காதேங்கோ. உங்கட வீட்டுக்குக் கடல் காத்து நேர வருது, அதில இருக்கிற உப்புப் படிஞ்சு ஈரத்தை இழுக்கும், கறள் முதல்ல பிடிக்கிறது ஸ்டெபிலைசர் கம்பியில. வேலை முடிஞ்சதும் மேல ஒரு துணி போட்டு மூடி விடுங்கோ.

கேள்வி: கொமியூனிகேஷன் கடை வைச்சிருக்கிறம், விடிஞ்சாத் தமிழ் டைப்பிங். கீபோர்ட்டில எழுத்தெல்லாம் அழியுது, செமிகோலன் கீ பளபளக்குது, எவ்வளவு தேய்ச்சும் அந்தப் பளபளப்புப் போகேல்ல. ஸ்டிக்கர் ஒட்டலாமா, கெப் மாத்தலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

செமிகோலன் எண்டதுமே நீங்கள் பாமினி எண்ட தமிழ் டைப்பிங் முறையில அடிக்கிறவர் எண்டு தெரிஞ்சுது. பாமினியில புள்ளி அந்தக் கீயிலதான், தமிழில புள்ளி வராத வரியே இல்ல, வலது கைச் சின்னிவிரல் நாள் முழுக்க அதிலயேதான் நிக்கும். அதுக்கு மேல இருக்கிற பீ கீயையும் பாருங்கோ, இகர விசிறி அதில, அதுவும் தேய்ஞ்சிருக்கும். தமிழ்99 எண்ட மற்ற முறையில அடிக்கிற ஆக்களுக்குப் புள்ளி எஃப் கீயில, அதோட ஒரே மெய்யை ரெண்டு தரம் அடிச்சாப் புள்ளி தானா விழும், அவையின்ர கீபோர்ட் வேற இடத்தில தேயும்.

அந்தப் பளபளப்பு ஊத்தை இல்ல ஐயா, கழுவிப் போகாது. புதுசில கெப்பின்ர மேல்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பா இருக்கும், விரல் பட்டுப் பட்டு அந்தச் சொரசொரப்பு மழுங்கிப் போச்சு. ஏபிஎஸ் கெப்பில இது கெதியா வரும், பிபிடி எண்ட பிளாஸ்டிக் கடினம், கனகாலம் தாக்குப்பிடிக்கும். உங்களிட்ட இருக்கிறது எது எண்டு பாக்கிறதுக்குக் குசினியிலயே வழி இருக்கு. ஒரு கிளாஸ் தண்ணியில உப்பை இனிக் கரையாது எண்ட அளவுக்குப் போட்டுக் கலக்கி, ஒரு கெப்பை ஓட்டைப் பக்கம் மேல பாக்க, காத்துக் குமிழ் இல்லாமல் அமத்தி விடுங்கோ. ஏபிஎஸ் மிதந்து வரும், பிபிடி தாழும். ஏபிஎஸ்ஸின்ர அடர்த்தி 1.05 அளவு, பிபிடி 1.3, நிறைஞ்ச உப்புத் தண்ணி 1.2, அதுதான் காரணம். வெறும் தண்ணியில ரெண்டுமே தாழும், அதால உப்புக் காணாமல் பாத்தாப் பிழைச்சுப்போகும். பிறகு கெப்பை நல்ல தண்ணியில அலசுங்கோ.

எழுத்து அழியிறது வேற விஷயம். மலிவான கீபோர்ட்டில எழுத்து மேல அச்சடிச்ச மை, அது அழியும், அல்கஹோல் போட்டு உரஞ்சினா இன்னும் கெதியா அழியும். டபிள் ஷொட் எண்டு ஒரு முறை இருக்கு, எழுத்தே தனி நிறப் பிளாஸ்டிக், கெப்பைத் திருப்பினா உள்ளுக்கு ரெண்டாம் நிறம் தெரியும், கெப் தேய்ஞ்சாலும் எழுத்துப் போகாது. டை சப்ளிமேஷன் எண்டது சூட்டில மையைப் பிளாஸ்டிக்குக்குள்ள ஊற விடுற முறை, சூடு தாங்கிற பிபிடியிலதான் அது வடிவா வரும்.

உங்கட கடைக்கு நான் சொல்லுறது இதுதான். இப்ப இருக்கிறது, தனித்தனி ஸ்விட்ச் இல்லாமல் கீக்குக் கீழ ரப்பரும் பிளாஸ்டிக் தாளும் இருக்கிற சாதாரண ரப்பர் மெம்பிரேன் கீபோர்ட் எண்டா கெப் மட்டும் மாத்த ஏலாது, ஒவ்வொரு கொம்பனியும் அடித்தண்டை ஒவ்வொரு மாதிரிச் செய்யும், கடையில தனியா விக்கிற கெப் அதில இருக்காது. புதுக் கீபோர்ட்தான் வழி, வாங்கேக்க டபிள் ஷொட் பிபிடி கெப் போட்ட மெக்கானிக்கலா வாங்குங்கோ, நாள் முழுக்கத் தட்டுற ஆளின்ர விரலுக்கு அந்தக் காசு பெறுமதிதான். தமிழ் ஸ்டிக்கர் புதுசாப் பழகிற பிள்ளையளுக்கு மட்டும் ஒட்டிக் குடுங்கோ. கொழும்பு வெக்கைக்கு ஸ்டிக்கர் பசை இளகி ஓரத்தால வழியும், ஊத்தை அந்த ஓரத்திலதான் கறுப்பாப் பிடிக்கும். பழகின விரலுக்கு எஃப்பிலயும் ஜேயிலயும் இருக்கிற அந்தச் சின்ன மேடு காணும், பாமினியில ஒண்டு க, மற்றது த, அங்க கை வைச்சா மிச்சம் தானா வரும்.

கேள்வி: ஒன்லைன்ல கீகெப் செட் ஒண்டு எடுத்தன். எழுத்துக் கீயெல்லாம் சரி, ஸ்பேஸ் பாரும் அதுக்குப் பக்கத்துக் கீகளும் பொருந்துதில்ல. செட் பிழையா, கீபோர்ட் பிழையா?
– மாணவர், மொறட்டுவ

ரெண்டும் பிழையில்ல தம்பி, அளவுதான் ஒத்துவரேல்ல. ஒரு எழுத்துக் கீக்கு ஒதுக்கிற இடம் 19.05 மில்லிமீட்டர், அதைத்தான் ஒரு யூனிட் எண்டு சொல்லுறது. சாதாரண ஸ்பேஸ் பார் 6.25 யூனிட், அதாவது ஏறத்தாழ 119 மில்லிமீட்டர், கொன்ட்ரோல், ஒல்ட் எல்லாம் 1.25. சில கேமிங் கீபோர்ட்டில ஸ்பேஸ் பாரை 6 இல்லாட்டி 6.5 யூனிட்டில செய்திருக்கினம், அப்ப அந்த வரிசை முழுக்க மாறிப்போகும், ஸ்டெபிலைசர் கால் விழுற இடமும் மாறும். பள்ளிக்கூட அடிமட்டத்தால உங்கட ஸ்பேஸ் பாரை அளந்து பாத்தா விஷயம் முடிஞ்சுது. சின்னக் கீபோர்ட் எண்டா வலது ஷிப்டையும் பாருங்கோ, வழமையா 2.75 யூனிட், சின்னதுகளில 1.75 வரும்.

அதோட வாங்க முதல் ஸ்விட்ச் தண்டு சிலுவை வடிவமோ எண்டு பாக்கோணும். ஜேர்மன் கொம்பனி செரி 1980களில கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்ச்சின்ர வடிவம் அது, இப்ப மற்றக் கொம்பனிகளும் அதைத்தான் பின்பற்றுது. மெல்லிசான லோ புரொபைல் கீபோர்ட்டில சிலதுக்கு ரெண்டு கால் ஓட்டை, அதில இந்தக் கெப் ஏறவே ஏறாது. உங்களுக்கு இப்போதைக்குப் பழைய ஸ்பேஸ் பாரையும் பக்கத்துக் கீகளையும் வைச்சுக்கொண்டு மிச்சத்துக்குப் புதுசு போடலாம், நிறம் கொஞ்சம் வித்தியாசமா இருந்தாலும் வேலைக்குக் குறையில்ல.

கேள்வி: சின்ன மகன் லெப்டொப்ல எல் கீயைப் பிடுங்கி எடுத்திட்டான். கெப் கையில இருக்கு, வெள்ளையா ரெண்டு சின்னச் சட்டமும் விழுந்திச்சு. சுப்பர் குளூ போட்டு ஒட்டலாமா?
– ஒரு அம்மா, பம்பலப்பிட்டி

சுப்பர் குளூ வேண்டாம் அக்கா! அது தண்ணி மாதிரி ஓடி உள்ளுக்கு இறங்கி கீயை அப்பிடியே இறுக்கிப்போடும், பிறகு கீபோர்ட் முழுசா மாத்த வேண்டி வரும்.

லெப்டொப் கீயில மூண்டு பாகம், மேல கெப், நடுவில நீங்கள் சொல்லுற அந்த வெள்ளைச் சட்டம் ரெண்டும், அடியில ரப்பர் குமிழ். ரப்பர் குமிழ் இன்னும் இடத்தில ஒட்டியிருக்கோ எண்டு முதல் பாருங்கோ, இருந்தா அரைவாசி நிம்மதி. சட்டம் ரெண்டும் கத்தரிக்கோல் போல குறுக்கா ஒண்டுக்குள்ள ஒண்டு பூட்டும், பக்கத்துக் கீயைக் கழட்டிப் பாக்கிற வேலை வேண்டாம், அதுவும் முறியும். பூட்டின சட்டத்தைத் தகட்டில இருக்கிற சின்னக் கொக்கியில முதல் கொழுவி, அது மேலயும் கீழயும் லேசா அசையுதோ எண்டு பாத்து, பிறகு கெப்பை நேர மேல வைச்சு விரலால சமமா அமத்துங்கோ, டிக் எண்டு கேக்கும். அமத்தி ஏறாட்டிப் பலம் போடாமல் எடுத்துத் திருப்பிப் பாருங்கோ, கெப்பின்ர அடியில இருக்கிற கிளிப் முறிஞ்சிருக்கும், இல்லாட்டித் தகட்டுக் கொக்கி வளைஞ்சிருக்கும். கொக்கி வளைஞ்சது எண்டா மெல்லிசான டுவீசரால ஒருக்கா நிமித்தலாம், திரும்பத் திரும்ப வளைச்சா முறிஞ்சு போகும்.

கிளிப் முறிஞ்சா அதே மொடல் கெப்தான் தேவை, ஒரே கொம்பனியின்ர வேற மொடல் கூடப் பொருந்தாமல் போகலாம். திருத்துற கடைகளில பழுதாப்போன பழைய கீபோர்ட்டுகள் கிடக்கும், உங்கட லெப்டொப்பின்ர அடியில இருக்கிற மொடல் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கோ, கெப்போட அந்த வெள்ளைச் சட்டத்தையும் சேர்த்துக் கேளுங்கோ. 2015 தொடக்கம் 2019 வரை வந்த மெக்புக்குகள் கனக்க பட்டர்பிளை எண்ட வேற பொறிமுறை, அது மிச்சம் மெல்லிசு, அதை வீட்டில கழட்ட வேண்டாம். அதுக்குள்ள தூசி போய் கீ இறுகினாக் கூட, லெப்டொப்பை 75 பாகை அளவில சரிச்சுப் பிடிச்சுக் கொம்பிரஸ்ட் எயாரை இடமிருந்து வலமா அடிக்கச் சொல்லித்தான் அப்பிள் சொல்லுது.

கேள்வி: கீபோர்ட்டில பால் தேத்தண்ணி ஊத்துப்பட்டுட்டுது. அரிசிப் பையில போட்டாச் சரிவருமெண்டு ஒபிசில சொல்லினம்.
– வாசகி, தெஹிவளை

அரிசி வேண்டாம். ஈரத்தை அது பெரிசா இழுக்காது, பாலையும் சீனியையும் தொடவும் தொடாது, அரிசித் தூள்தான் மிச்சம். வயரைக் கழட்டி உடனே கவிழ்த்துப் பிடியுங்கோ, சொட்டு விழுறது நிக்கும் வரைக்கும் நிமித்த வேண்டாம். மெக்கானிக்கல் எண்டா கெப்பைக் கழட்டிக் கழுவி, தேத்தண்ணி போன இடத்தை அல்கஹோல் தொட்ட பட்டால துடைச்சு, ரெண்டு நாள் பேன் காத்தில விட்டிட்டுத்தான் வயரைக் கொழுவோணும். காய்ஞ்ச பிறகும் ஒரு கீ ஒட்டினா அது ஸ்விட்ச்சுக்குள்ள சீனி. ஹொட் ஸ்வொப், அதாவது ஈயம் உருக்காமல் ஸ்விட்ச்சைக் கழட்டிக் கொழுவக்கூடிய கீபோர்ட் எண்டா அந்த ஸ்விட்ச்சை மட்டும் இழுத்து எடுத்து மாத்தலாம். மெம்பிரேன் எண்டா ரெண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில தேத்தண்ணி பரவி நிக்கும், வெளியால எவ்வளவு துடைச்சும் அது போகாது, பின்பக்கம் ஸ்குரூ கழட்டத் தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்து அந்தத் தாளை எடுத்துத் துடைக்கோணும்.

லெப்டொப்பில ஊத்துப்பட்டா இதொண்டும் யோசிக்காமல் பவர் பட்டனை அமத்திப் பிடிச்சு ஓப் பண்ணி, சார்ஜரைக் கழட்டி, கவிழ்த்துக்கொண்டு நேரக் கடைக்குப் போங்கோ, வேலை செய்யுதோ எண்டு போட்டுப் பாக்காதேங்கோ. ஈரத்தோட கரண்ட் போகேக்கதான் உள்ளுக்கு இருக்கிற மதர்போர்ட் எரியிறது.

கேள்வி: அப்பா பாவிச்ச பழைய கீபோர்ட். மற்றக் கீயெல்லாம் நிறம் அப்பிடியே இருக்கு, ஸ்பேஸ் பார் மட்டும் மஞ்சள். அதை மாத்த மனமில்ல, வெளுக்க வைக்கலாமா?
– வாசகர், மருதானை

உங்கட கீபோர்ட் நல்ல கீபோர்ட் எண்டதுக்கு அந்த மஞ்சளே சாட்சி. பிபிடி அச்சில இருந்து ஆறேக்கக் கனக்கச் சுருங்கும், நீளமான ஸ்பேஸ் பார் அதில வார்த்தா வளைஞ்சு போகும், அதால அந்தக் காலத்தில மற்றக் கீயைப் பிபிடியிலயும் ஸ்பேஸ் பாரை மட்டும் ஏபிஎஸ்ஸிலயும் செய்த கொம்பனிகள் இருக்கு. ஏபிஎஸ் வெளிச்சம் பட்டு மஞ்சளாகும், பிபிடி அவ்வளவாக மாறாது.

வெளுக்க வைக்கலாம். ஸ்பேஸ் பாரைக் கழட்டி முதல் லிக்விட் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பசையை எடுங்கோ. பாமசியில 6 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் வாங்கி, வெளிச்சம் உள்ளுக்குப் போற பிளாஸ்டிக் பெட்டியில ஊத்தி, ஸ்பேஸ் பார் முழுக்க அமிழ வைச்சு வெயிலில வையுங்கோ. முதல்ல கழுவின கெப்புக்கு வெயில் வேண்டாம் எண்டன், இது வேற, பெரொக்சைட்டும் புறஊதா வெளிச்சமும் சேர்ந்தாத்தான் மஞ்சள் எடுபடும். பெட்டி மூடியை இறுக்காதேங்கோ, உள்ளுக்கு வாயு வரும். கையுறையும் கண்ணாடியும் போடுங்கோ, பிள்ளையள் நடமாடாத இடத்தில வையுங்கோ. மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பிரட்டி விட்டு, குமிழ் ஒட்டிக்கொண்டு நிண்டாத் தட்டி விடுங்கோ, இல்லாட்டிக் குமிழ் நிண்ட இடம் புள்ளி புள்ளியாத் தெரியும். காலப்போக்கில மஞ்சள் திரும்பியும் வரலாம், அதால வெளுத்த பிறகு ஜன்னல் வெயில் படாத மேசையில வையுங்கோ. பக்கத்தில இன்னொரு கீயைக் கழட்டி வைச்சுக்கொண்டு நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கோ, ஒத்து வந்ததும் எடுத்து நல்ல தண்ணியில அலசிக் காயவிடுங்கோ, அதுக்கு மேல விட்டாத் திட்டுத் திட்டா வெளிறிப்போகும்.